இச்சி மரத்துப் பாறை

நாற்பது மீட்டர் உயரத்தில் பெல்ட்டை மாட்டிக்கொண்டு, பார்க்க வேண்டிய வேலையை விட்டுவிட்டு மலையைப் பார்த்துக்கொண்டிருக்கிற ஆளை எந்தக் கம்பெனியாவது வேலைக்கு வைத்துக்கொள்ளுமா? அழகுமலையை வைத்துக்கொண்டிருந்தார்கள், பதினெட்டு வருடமாக. செல்போன் டவரில் இரண்டு பேர் அரை நாள் மல்லுக்கட்டுகிற வேலையை அவன் ஒருத்தனாக ஒரு மணி நேரத்தில் முடித்துவிடுவான். மிச்ச நேரத்தில் மலையைப் பார்ப்பான். கீழே நிற்கிற சூப்பர்வைசர் கழுத்து வலிக்க அண்ணாந்து, "மலை, இறங்குப்பா, டீ ஆறுது" என்று கத்திக்கொண்டிருப்பார்.

பழங்காநத்தம் டவரில் ஏறினால் திருப்பரங்குன்றம் கைக்கெட்டும் தூரத்தில் தெரியும். அவன் அந்தப் பக்கம் திரும்புவதே இல்லை. ஊரைத் தாண்டி, ஆற்றைத் தாண்டி, கோரிப்பாளையத்து நெரிசலைத் தாண்டி, யானைமலைக்கு இடது பக்கமாக நீலமாக ஒரு கோடு கிடக்கும். அதுதான் அழகர்மலை. அவன் கண் அங்கேதான் போய் நிற்கும்.

அங்கே அவன் தேடியது ஒரு பாறையை. அந்தப் பாறை ஒரு வீட்டு உயரம் இருக்கும். நடுவில் இரண்டாக வெடித்திருக்கும். வெடிப்புக்குள்ளிருந்து ஒரு இச்சி மரம் கிளம்பி, இரண்டு பக்கமும் வேரைப் போட்டுப் பிடித்துக்கொண்டு நிற்கும். மரத்தடியில் இரண்டு பேர் உட்காருகிற அளவுக்கு இடம். அடைமழை பெய்தாலும் உள்ளே ஒரு சொட்டு விழாது. விடிந்ததும் மலையில் முதல் வெயில் விழுவது அந்தப் பாறையில்தான். அங்கே அவன் அப்பா கருத்தக்கண்ணன் தவத்தில் உட்கார்ந்திருக்கிறார்.

இவ்வளவையும் சொன்னது அவன் அம்மா ஒச்சாயி. எத்தனை தடவை கேட்டாலும் ஒரு வார்த்தை கூடாது, குறையாது.

அவர்கள் ஊர் அழகர்மலை அடிவாரத்தில் ஒரு சின்னக் காலனி. பிறத்தியார் வயலில் நாற்று நட்டும் களை எடுத்தும் பிழைத்த முப்பது வீடுகள். மலையின் பெயரைப் பிள்ளைக்கு வைத்தது அப்பாதானாம். அந்த அப்பா, அவனுக்கு நாலு வயதாகும்போது ஒருநாள் வீட்டை விட்டுப் போனார். வேலை தேடிப் போயிருக்கிறார் என்று கொஞ்ச நாள் பேச்சு இருந்தது. பிறகு ஒச்சாயி தெருக்குழாயடியில் வைத்து, அவர் மலைக்குப் போய்விட்டார், சாமியாராகிவிட்டார் என்று சொன்னாள். ஊர் அதை நம்பியதா என்றால், நம்பவில்லை. ஆனால் ஒரு பெண் நெற்றியில் பொட்டோடு நடமாட ஒரு காரணம் வேண்டும், அதை அவளே சொல்லிவிட்டாள், நமக்கென்ன என்று விட்டுவிட்டார்கள். ஊர் என்றால் எப்போதும் பொல்லாதது என்று நினைக்க வேண்டியதில்லை.

பள்ளிக்கூடம் அப்படி விடவில்லை. அங்கே அவன் 'சாமியார் மகன்'. ஒரு பையன், "ஒங்கப்பன் வடக்க முறுக்குக் கம்பெனில மாவு பெசையிறாராம்டா, எங்க மாமா சொன்னாரு" என்றான். அழகுமலை அவன் பல்லை உடைத்தான். அந்தப் பல்லுக்காக ஒச்சாயி தலைமையாசிரியர் அறையில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். மகனை அடிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. அந்த வருடமே ஊரைக் காலி செய்துகொண்டு பழங்காநத்தத்துக்கு வந்துவிட்டாள். கட்டட வேலைக்குச் சித்தாளாகப் போனாள். முதுகு ஒத்துழைக்காமல் போன பிறகு கல்யாண மண்டபத்தில் பாத்திரம் விளக்கினாள். அண்டாவுக்குள் தலையை விட்டுத் தேய்க்கும்போதும் பொட்டு அழியாது. புருஷன் எங்கே என்று யாராவது கேட்டால் வடக்குப் பக்கம் கையைக் காட்டி, "மேல இருக்காரு" என்பாள். கேட்டவர்கள் செத்துப்போய்விட்டார் என்று புரிந்துகொண்டு, அப்புறம் பொட்டைப் பார்த்துக் குழம்பிப் போவார்கள்.

அழகுமலைக்கு அப்பாவைப் பற்றி ஞாபகம் என்று இருந்தது ஒரு தோள் மட்டும்தான். அதன் மேல் உட்கார்ந்து சித்திரைத் திருவிழா பார்த்திருக்கிறான். முகத்தைக் கல்யாணப் போட்டோவில் பார்த்துக்கொள்ளலாம். குரல் மட்டும் எவ்வளவு முயன்றும் வரவில்லை. மனிதன் அவனிடம் பேசாமலா இருந்திருப்பார்? நாலு வருடம் பேசியிருப்பார். அது எங்கே போனது என்று அவனுக்குத் தெரியவில்லை. டவரில் தனியாக உட்கார்ந்திருக்கும்போது அந்தக் குரலைத்தான் நினைத்துப் பார்க்க முயலுவான்.

பதினேழு வயதில் அம்மாவை அழகர்கோவிலுக்குக் கூட்டிக்கொண்டு போனான். அங்கே பதினெட்டாம்படிக் கருப்புக் கதவு இருக்கிறது. அந்தக் கதவுக்கு முன்னால் பொய்ச் சத்தியம் செய்ய எங்கள் பக்கத்தில் எவனுக்கும் துணிச்சல் கிடையாது. வரப்புச் சண்டையிலிருந்து திருட்டு வழக்கு வரை அங்கே வந்து நின்றால் வாய் தானாக உண்மையைச் சொல்லிவிடும்.

"இங்க வச்சுச் சொல்லும்மா. அந்தப் பாறை இருக்கா, இல்லையா?"

ஒச்சாயி கதவைப் பார்த்தாள். சூடத்தைக் கொளுத்தினாள். அதன்மேல் கையை வைத்து, "இருக்கு. அந்தப் பாறை மலையில இருக்கு. கருப்பு சத்தியமா இருக்கு" என்றாள்.

அது போதும் அவனுக்கு. அடுத்த ஞாயிற்றுக்கிழமையே மலை ஏறினான். அப்பாவைக் கண்டுபிடித்துக் கூட்டி வருவது என்று ஏறினான்.

அன்று தொடங்கியது இருபத்து மூன்று வருடம் நடந்தது. மலையின் கிழக்குச் சரிவில் அவன் கால் படாத இடமில்லை. முதல் வெயில் விழுகிற இடம் கிழக்கில்தானே இருக்க வேண்டும்? வெடித்த பாறை கிடைத்தது, அதில் மரம் இல்லை. மரமிருந்த பாறை கிடைத்தது, அது ஆலமரம். ஒருமுறை எல்லாம் சரியாக இருக்க, ஓடிப்போய்ப் பார்த்தால் வெடிப்புக்குள் ஒரு பூனைகூட நுழைய முடியாது. இரண்டு தடவை காட்டுமாடு விரட்டியிருக்கிறது. காட்டிலாகா வாச்சர்கள் முதலில் பிடித்து உட்கார வைத்தார்கள், பிறகு விசாரித்தார்கள், கடைசியில், "பொழுது சாயிறதுக்குள்ள எறங்கிருப்பா" என்று விட்டுவிட்டார்கள். அழகர்கோவில் கோட்டைச் சுவருக்கு வெளியே டீக்கடை வைத்திருக்கிற மருதுவுக்கு அவன் நிரந்தரக் கிராக்கி. மலையில் ஆடு மேய்க்கிறவன், தேன் எடுக்கிறவன், கடுக்காய் பொறுக்குகிறவன், எவன் வந்து டீ குடித்தாலும் மருது அவனுக்காக, "வெடிச்ச பாறை, இச்சி மரம், எங்கயாச்சும் பாத்தீகளா?" என்று கேட்டுவைப்பார்.

கல்யாணமாகி முத்துப்பேச்சி வந்தாள். அவள் வாய் சும்மா இருக்காது. "ஞாயித்துக்கிழமையானா மத்த வீட்டு ஆம்பளைக கறி எடுக்கப் போறாக. எங்க வீட்டுல கல்லு எடுக்கப் போறாக" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி சொல்வாள். சொல்லிக்கொண்டே தண்ணீர் பாட்டிலும் புளிச்சோறும் கட்டிக் கொடுப்பாள்.

சாயங்காலம் அவன் திரும்பி வந்து செருப்பைக் கழற்றும்போது ஒச்சாயி ஒரே ஒரு கேள்வி கேட்பாள்.

"கெடச்சுச்சா?"

"இல்லம்மா."

அந்த நேரத்தில் அவள் முகத்தில் ஒரு நிம்மதி வந்து போகும். அலுத்துப்போய் வந்த மகனைப் பத்திரமாகப் பார்த்துவிட்ட நிம்மதி என்று அவன் எடுத்துக்கொண்டிருந்தான்.

முப்பது வயதுக்கு மேல், அப்பா அங்கே உட்கார்ந்திருப்பார் என்ற நம்பிக்கை போய்விட்டது. எந்த மனிதனும் காட்டுமாட்டுக்கு நடுவில் இத்தனை வருடம் உட்கார்ந்திருக்க மாட்டான் என்று அவனுக்கே தெரிந்தது. ஆனாலும் பாறையை விட முடியவில்லை. பாறை இருந்தால் அம்மா சொன்னது பொய்யில்லை. பாறை இல்லையென்றால், அவள் கருப்பு வாசலில் பொய் சொல்லியிருக்கிறாள், அப்பா வெறுமனே அவனை விட்டுவிட்டுப் போயிருக்கிறார். இரண்டையும் அவனால் தாங்க முடியாது. அந்தப் பாறையின் மேல் கையை வைத்துவிட வேண்டும், அப்பா உட்கார்ந்த இடத்தை ஒரு தடவை தொட்டுவிட வேண்டும் என்று அவனுக்கு ஏக்கமாக இருந்தது. அந்த ஏக்கம் வயதோடு குறையவில்லை, கூடத்தான் செய்தது.

போன புரட்டாசியில் ஒரு புதன்கிழமை. டவரிலிருந்து இறங்கிக்கொண்டிருக்கும்போது மருதுவின் போன் வந்தது.

"மாப்ள, ஒன்னைய மாதிரியே ஒரு கிறுக்கு வந்து என் கடைல உக்காந்திருக்கு. பொம்பளப்புள்ள. வெடிச்ச பாறை, இச்சி மரம், ரெண்டு பேரு உக்கார்ற எடம்னு நீ சொல்றதையே ஒன்னு விடாம சொல்லுது. வாரியா?"

அவன் பெல்ட்டைக்கூடக் கழற்றாமல் பைக்கை எடுத்தான்.

கடை பெஞ்சில் முப்பது வயதுக்குள் ஒரு பெண் சுடிதாரில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ஒரு பயணப் பை. மடியில் மஞ்சள் துணி சுற்றிய ஒரு பிளாஸ்டிக் டப்பா. சிவப்பு மூடி. முறுக்கு அடைத்து விற்கிற டப்பா.

"வாங்கண்ணே. மலையண்ணேங்கிறது நீங்கதானா? கடைக்காரர் சொன்னாக. என் பேரு பாண்டிச்செல்வி. நாக்பூர்லருந்து வாரேன்."

அவள் பேச்சு வினோதமாக இருந்தது. ஜீன்ஸ் போடுகிற பிள்ளைகள் வயதுதான், ஆனால் அவன் காலனியில் எழுபது வயதுக்காரர்கள் பேசுகிற பேச்சு. அதை அவளிடமே கேட்டான்.

"நான் பொறந்து வளந்ததெல்லாம் அங்கனதாண்ணே. வெளிய ஹிந்தி, மராத்தி. தமிழ் எங்கப்பா பேசுனது மட்டுந்தான் தெரியும். அவரு பேசுறாப்புலயே பேசுறேன்னு எங்கம்மா ஏசும்."

அவள் அப்பா ஆனி மாதம் இறந்துபோனார். முறுக்குக் கம்பெனியில் மாஸ்டர். டப்பாவில் இருப்பது அவர் அஸ்தி. "கலயத்துல கொண்டாந்தா ரயில்ல ஒடஞ்சிரும்னு பயமா இருந்துச்சு. இது அவரு ஆயுசு பூராம் அடச்ச டப்பாதானேன்னு இதுல போட்டுட்டேன். தப்பாண்ணே?"

"தப்பில்ல. பாறைய எதுக்கும்மா தேடுற?"

"சாகுறதுக்கு முந்தி எங்கிட்டச் சொன்னாரு. அழகர்மலைல அந்தப் பாறையடில அவரோட மொதச் சம்சாரமும் மகனும் இருக்காக, அவுக பக்கத்துல கொண்டுபோயி வச்சிருன்னாரு."

"இருக்காகன்னா?"

"செத்துப்போயிட்டாகண்ணே. வெறகுக்குப் போன எடத்துல மழை பேஞ்சு, கல்லு உருண்டு விழுந்து ரெண்டு பேரும் போயிட்டாகளாம். அங்கனயே பொதச்சிட்டுத்தான் இவரு ரயிலேறி வந்தாராம். பையனுக்கு நாலு வயசாம். வருசா வருசம் ஆடி மாசம் அந்தப் பையனுக்கு வெல்லப் பணியாரம் சுட்டு வச்சுக் கும்புடுவாரு. நாங்களும் கும்புடுவோம். எனக்கு ஒரு அண்ணன் இருந்தான்னு ஸ்கூல்ல எல்லார்ட்டயும் சொல்லுவேன்."

"அந்தப் பையன் பேரு?"

"அழகுமலை."

மருது டீ ஆற்றுவதை நிறுத்தினார். அவருக்கு அவன் முழுப்பெயர் தெரியும்.

அவள் போனில் போட்டோவைக் காட்டினாள். முறுக்கு உரலைப் பிடித்துக்கொண்டு ஒரு கிழவர் சிரித்தார். தினமும் காலையில் முகம் மழிக்கிற கண்ணாடியில் அவன் பார்க்கிற முகம். இன்னும் முப்பது வருடம் போட்ட மாதிரி இருந்தது, அவ்வளவுதான்.

தான் நாலு வயதிலேயே செத்துப்போய், முப்பத்தாறு வருடமாகப் படையல் வாங்கிக்கொண்டிருக்கிறோம் என்று தெரிந்துகொள்கிற மனிதன் என்ன செய்வான்? அவனுக்கு அந்த டப்பாவைத் தூக்கிச் சாலையில் எறிய வேண்டும் போல ஆத்திரம் வந்தது. அதே நேரத்தில் அதை வாங்கி மடியில் வைத்துக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யாமல் பெஞ்சில் உட்கார்ந்தான்.

"அவரு நீ பேசுற மாதிரிதான் பேசுவாரா?"

"அச்சு அசலா."

"பேசும்மா. எதையாச்சும் பேசு."

அவளுக்கு விளங்கவில்லை. இருந்தாலும் பேசினாள். கம்பெனியைப் பற்றி, அப்பா சாயங்காலமானால் வாசலில் உட்கார்ந்து ஊர்க்கதை சொல்வதைப் பற்றி. "அந்தப் பாறையச் சொன்னா நிறுத்த மாட்டாருண்ணே. பொழுது சாயிற நேரம் அங்க உக்காந்தா, சிறுமலைக்குப் பின்னால சூரியன் எறங்குறது அம்புட்டும் தெரியும்பாரு."

அழகுமலை நிமிர்ந்தான். "என்ன சொன்ன? சூரியன் எறங்குறதா?"

"ஆமாண்ணே."

சூரியன் இறங்குவது மேற்கே. அப்படியானால் பாறை மேற்குச் சரிவில் இருக்கிறது. இருபத்து மூன்று வருடமாக அவன் தேடியது கிழக்கே. இதைத் தப்பாகச் சொன்ன ஒரே ஆள் வீட்டில் இருக்கிறாள்.

அவன் எழுந்து பைக் சாவியை எடுத்தான். பிறகு சொல்ல வேண்டியதைச் சொல்ல வழி தெரியாமல், தெரிந்த வழியில் சொன்னான்.

"அந்தப் பையனுக்கு இனிப்பு ஆகாதும்மா. காரப் பணியாரந்தான் திம்பான். இப்பவும் அப்பிடித்தான்."

பாண்டிச்செல்வி அவனைப் பார்த்தாள். போனிலிருந்த முகத்தைப் பார்த்தாள். திரும்பவும் அவனைப் பார்த்தாள். அதுவரை வாய்க்கு வாய் அண்ணே என்று சொல்லிக்கொண்டிருந்தவளுக்கு இப்போது அந்த வார்த்தை வரவில்லை.

பழங்காநத்தத்து வீட்டில் ஒச்சாயி சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். புதிதாக ஒரு பெண் வந்து நிற்பதைப் பார்த்தாள். பெண் கையிலிருந்த டப்பாவைப் பார்த்தாள். மகன் முகத்தைப் பார்த்தாள். வெங்காயத்தைக் கீழே வைத்தாள்.

"பெரியம்மா" என்றாள் பாண்டிச்செல்வி. இறந்துவிட்டதாக இத்தனை வருடம் கும்பிட்ட ஆளை அவள் வேறெப்படிக் கூப்பிடுவாள்?

"எப்ப?" என்றாள் ஒச்சாயி.

"ஆனி மாசம் பெரியம்மா."

அழகுமலைக்குத் தூக்கிவாரிப்போட்டது. "ஒனக்குத் தெரியுமாம்மா?"

"தெரியும்யா. அவரு போன மறுவருசமே மேலூர்க்காரர் ஒருத்தர் நாக்பூர்லருந்து வந்து சொன்னாரு. அங்க ஒரு பொம்பளையோட குடித்தனம் வச்சிருக்காருன்னு. யார்ட்டயும் சொல்லிராதீக அண்ணேன்னு அவருக்கு ஒரு சொம்புத் தண்ணி குடுத்து அனுப்பிட்டேன்."

"அப்புறம் எதுக்கு மலைன்னு சொன்ன?"

"என்னத்தச் சொல்லச் சொல்ற? ஓடிப்போனவன் மகன்னு ஒன்னைய ஊரு கூப்புடவா? சாமியார் மகன்னா சிரிப்பாக. சிரிச்சாச் சிரிக்கட்டும்."

"கருப்பு வாசல்ல சத்தியம் பண்ணியே?"

"பாறை இருக்குன்னுதானே சத்தியம் பண்ணேன். அவரு இருக்காரான்னு நீ கேக்கல."

உண்மைதான். அவன் கேட்கவில்லை. பதினேழு வயதில் தெரிந்தோ தெரியாமலோ பாறையைப் பற்றி மட்டும்தான் கேட்டான்.

"மொத வெயில் அங்கதான் விழும்னு சொன்னது?"

"நீ தேடிக் கண்டுபிடிச்சா அது வெறுசாக் கெடக்கும்யா. வெறும் பாறையப் பாத்துட்டு வந்து எம் மொகத்தப் பாப்ப. அதுக்குப் பயந்துதான் கெழக்க அனுப்பினேன்."

பாண்டிச்செல்வி அப்பா சொன்ன கதையைச் சொன்னாள். மழை, உருண்ட கல், புதைத்த இடம், பணியாரம். ஒச்சாயியின் முகம் கடுத்தது.

"என்னைய உசுரோட பொதச்சிட்டானா அந்தப் பாவி?"

முத்துப்பேச்சிக்கே வாய் அடைத்துப்போயிருந்தது. சற்று நேரத்தில் ஒச்சாயியே மூக்கைச் சிந்திவிட்டு, "நான் மட்டும் என்ன, காவி கட்டி உக்கார வைக்கலியா? ரெண்டு பேருக்கும் அந்த ஒரு எடந்தான் கெடச்சிருக்கு" என்றாள்.

பிறகு மெதுவாகக் கேட்டாள். "அந்தப் பாறையத்தான் சொன்னாரா?"

"ஆமா பெரியம்மா."

"இச்சி மரம்னு அவரு வாயால சொன்னாரா?"

"சொன்னாரு. ரெண்டு பேரு உக்கார்ற எடம்னும் சொன்னாரு."

"எத்தன தடவ சொல்லியிருப்பாரு?"

"சொல்லாத நாளு இல்ல பெரியம்மா."

ஒச்சாயி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். போன புருஷனுக்காக அழுகிற அழுகை மாதிரி அது இல்லை. அழுகைக்கு நடுவில் அந்த நாளைச் சொன்னாள். கல்யாணத்துக்கு முந்தின வருடம் கடுக்காய் பொறுக்க மலைக்குப் போன கூட்டத்தில் அவளும் அவரும் இருந்தார்கள். மழை பிடித்துக்கொண்டது. மற்றவர்கள் இறங்கிவிட்டார்கள். இவர்கள் இரண்டு பேர் மட்டும் அந்த வெடிப்புக்குள் ஒதுங்கினார்கள். மத்தியானத்திலிருந்து பொழுது இறங்குகிற வரைக்கும் உட்கார்ந்திருந்தார்கள். அவள் வாழ்க்கையில் சந்தோஷம் என்று எண்ணிப் பார்க்க இருந்தது அந்த ஒரு மத்தியானம். அது அவருக்கு மறந்தே போயிருக்கும் என்றுதான் இத்தனை வருடமும் நினைத்திருந்தாள்.

அழகுமலைக்கு அப்போதுதான் உறைத்தது. தவம் செய்கிற ஒற்றை ஆளுக்கு எதற்கு இரண்டு பேர் உட்காருகிற இடம்? இத்தனை வருடத்தில் ஒரு தடவைகூட அவன் அதை யோசிக்கவில்லை.

முத்துப்பேச்சி மாமியாரின் நெற்றியைப் பார்ப்பதும் தலையைக் குனிவதுமாக இருந்தாள். ஒச்சாயி கவனித்துவிட்டாள்.

"எவளும் என் நெத்தியத் தொடக் கூடாது. அதையெல்லாம் அங்க போயி அவரையே கேட்டுக்கிறேன். வெள்ளனக் கெளம்புவோம். நானும் வாரேன்."

மறுநாள் காலையில் மேற்கு அடிவாரத்திலிருந்து ஏறினார்கள். கூட வந்த வாச்சர், இருபது வருடப் பழக்கத்துக்காக வந்தவர், "அம்மாவால ஏற முடியுமா?" என்றார். ஒச்சாயி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னால் நடந்தாள். கல்லுக்குக் கல் கால் வைக்கிற பழக்கம் அறுபது வயதிலும் போகவில்லை. டவர் ஏறுகிறவனுக்குத்தான் மூச்சு வாங்கியது.

ஓர் ஓடையில் வலது பக்கம் திரும்பினாள். அரை மணி நேரம் நடந்து, இது இல்லை என்று திரும்பி வந்தாள். இன்னொரு சரிவில் ஏறிப் பார்த்தாள். அதுவும் இல்லை. ஒரு நாவல் மரத்தடியில் நின்று கண்ணைச் சுருக்கி நாலா பக்கமும் பார்த்தாள். "இங்கனதானே" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். வானம் கறுத்துக்கொண்டு வந்தது. அழகுமலைக்கு இருபத்து மூன்று வருடத்தில் வராத பயம் அப்போது வந்தது. அம்மாவும் அப்பாவும் அந்த ஒரு மத்தியானத்தை மனதுக்குள் வைத்துப் பெரிதாக்கிக்கொண்டார்களோ, பாறை என்று ஒன்று இல்லவே இல்லையோ என்று பயந்தான். தனக்காக அல்ல, அவளுக்காகப் பயந்தான்.

ஒச்சாயி சரிவின் விளிம்புக்குப் போனாள். தூரத்தில் சிறுமலை தெரிந்தது. அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்று, மேலே பார்த்தாள். பிறகு யாரையும் கூப்பிடாமல் புதருக்குள் நுழைந்தாள்.

பாறை அங்கே இருந்தது.

வீட்டு உயரமெல்லாம் இல்லை. ஆள் உயரத்துக்கு மேல் ஒரு முழம் இருக்கும். ஆனால் இரண்டாக வெடித்திருந்தது, இச்சி மரம் இருந்தது. நாற்பது வருடத்தில் பருத்துப்போன வேர்கள் இடத்தைக் குறுக்கியிருந்தன. கை வைத்துப் பார்க்க வேண்டும் என்று இத்தனை காலமும் நினைத்தவன் நாலு அடி தள்ளியே நின்றான்.

ஒச்சாயி குனிந்து உள்ளே போனாள். இடது பக்கம் ஒதுங்கி, வேரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தாள். எந்தப் பக்கம் என்று அவள் யோசிக்கவே இல்லை. கையை நீட்டினாள். பாண்டிச்செல்வி டப்பாவைக் கொடுத்தாள். ஒச்சாயி அதை வாங்கி வலது பக்கம் வைத்தாள். இடம் சரியாக இருந்தது.

மழை விழுந்தது. வாச்சர் ஒரு மரத்தடிக்கு ஒதுங்கினார். அண்ணனும் தங்கையும் வெளியே நின்றார்கள்.

"அண்ணே, நனையிறீக. உள்ள போங்க."

"உள்ள எடமில்லம்மா" என்றான் அழகுமலை.

அவன் வாழ்நாளில் பாதியைத் தின்ற பாறை. அதற்குள் இரண்டு பேருக்குத்தான் இடம். அந்த இரண்டு பேரில் அவன் இல்லை. அவன் பிறப்பதற்கு முன்னாலேயே அந்த இடம் நிறைந்துபோயிருந்தது. அது வலித்தது. வலித்தாலும், ஒரு காலத்தில் அவர்கள் இரண்டு பேரும் உண்மையாகவே சேர்ந்து உட்கார்ந்திருந்தார்கள் என்பதைக் கண்ணால் பார்த்துவிட்டான். அதற்கு மேல் அந்தப் பாறையிடம் கேட்க அவனிடம் ஒன்றும் இல்லை.

உள்ளே அம்மாவின் குரல் கேட்டது. முதலில் முணுமுணுப்பு. பிறகு சத்தம் கூடியது. பள்ளிக்கூடத்தில் உடைந்த பல்லிலிருந்து தொடங்கி, சித்தாள் வேலை, அண்டா, முதுகுவலி என்று ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டு ஏசிக்கொண்டிருந்தாள். பதில் பேச முடியாத ஆள் அகப்பட்டிருக்கிறார், முப்பத்தாறு வருடப் பாக்கி இருக்கிறது, முடிய நேரமாகும்.

பாண்டிச்செல்வி துப்பட்டாவை விரித்து ஒரு பாதியைத் தன் தலையிலும் மறு பாதியை அவன் தலையிலும் போட்டாள். ஈரக் கல்லில் இரண்டு பேரும் உட்கார்ந்தார்கள்.

"பேசும்மா" என்றான் அவன். "அவுக முடிக்கிற வரைக்கும் நீ பேசிக்கிட்டே இரு."

"என்னத்தண்ணே பேச?"

"நாலு வயசுப் பயகிட்ட அப்பா என்ன பேசுவாரோ, அதப் பேசு."

அவள் கொஞ்சம் யோசித்தாள். பிறகு நாக்பூரில் வாசற்படியில் உட்கார்ந்து தினமும் கேட்ட பேச்சை, கேட்டது கேட்டபடி பேச ஆரம்பித்தாள்.